கம்மல் காதிலேயே இருக்கட்டும்!



குமாரபாளையத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தறி ஓட்டும் குடும்பம். சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் கையில் காசு. பெரிய பெண் எட்டாவது, பையன் ஐந்தாவது, கடைக்குட்டி இந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு.

"அக்கா, பள்ளிக்கூடம் தெறக்க இன்னும் ஒரு மாசந்தான் இருக்குதுங்க. மூணு பேருக்கும் நோட்டு, பை, செருப்பு, துணின்னு வாங்கோணும். கணக்குப் போட்டா தலை சுத்துது. போன வருஷம் வாங்குன குழுக் கடனே இன்னும் பாக்கி நிக்குது. காதுல கெடக்கற கம்மலை வெச்சுரலாமான்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

இந்த இதழில் மோர் மிளகாய், வடாம் பற்றி எழுதுவதாக இருந்தேன். அது கிடக்கட்டும், வெயில் எங்கே ஓடிவிடப் போகிறது? இந்தக் கடிதத்துக்குத்தான் இப்போது அவசரம். கேட்டது ஒருவர் என்றாலும், மே மாதம் வந்தால் சேலம், நாமக்கல் பக்கத்தில் பாதி வீடுகளில் இதே பேச்சுத்தானே!

எங்கள் பக்கத்தைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. லாரிக்கும் முட்டைக்கும் பேர் போன நாமக்கல், பள்ளிக்கூடங்களுக்கும் பேர் போய்விட்டது. எங்கெங்கோ இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே விடுதியில் சேர்க்கிறார்கள். விடிந்தால் தெருவுக்கு நாலு மஞ்சள் பஸ். அதைப் பார்த்துப் பார்த்து, நம் வீட்டுச் செலவும் நம்மை அறியாமலே ஏறிவிடுகிறது. மஞ்சளும் குச்சிக் கிழங்கும் விற்ற காசு தை, மாசியில் வந்து சித்திரைக்குள் கரைந்துவிடும். ஜூன் மாதம் மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

நானும் ஒரு வருஷம் வளையலை வைத்தவள்தான். அதனால் உபதேசமாக இல்லை, பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

840 ரூபாய் எங்கே போயிற்று?

எங்கள் சின்னவள் பள்ளியில் சேர்ந்த வருஷம் அது. இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறினோம். கடைவீதியில் நிற்க இடமில்லை. பெரியவள் கை காட்டியது ஒன்று, சின்னவள் அழுது வாங்கியது ஒன்று, "இதையும் எடுத்துக்கோங்கம்மா, அப்புறம் கெடைக்காது" என்று கடைக்காரர் தலையில் கட்டியது ஒன்று. வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது! பள்ளிக்குக் கட்டக் கையில் பணமில்லை. மறுநாள் இரண்டு வளையலையும் கழற்றி, இவரிடம் கொடுத்தனுப்பினேன். ஆறாயிரம் ரூபாய், இரண்டு வட்டி.

தை மாதம்தான் மீட்க முடிந்தது. மாதம் 120 ரூபாய் வட்டி, ஏழு மாதத்துக்கு 840 ரூபாய். அந்தக் காசுக்கு அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு யூனிஃபார்ம் துணியும் எடுத்து, தையல் கூலியும் கொடுத்திருக்கலாம். வட்டிக்குப் போனதுகூடப் பெரிதில்லை. அரைப் பரீட்சை லீவில் பரணை ஒழித்தபோது, போன வருஷத்து நோட்டுகளில் பாதிக்கு மேல் எழுதாமலே கிடந்ததைப் பார்த்தேன் பாருங்கள், அப்போதுதான் வயிறு எரிந்தது. வீட்டில் இருப்பதைப் பார்க்காமலே கடைக்கு ஓடியிருக்கிறேன்!

அந்த வருஷத்தோடு ஒரு முறை வைத்துக்கொண்டேன். இன்றுவரை வளையல் கையை விட்டு இறங்கவில்லை.

முதல் வேலை: பரணைக் கவிழுங்கள்

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பள்ளிக்கூடச் சாமான் அத்தனையையும் கொட்டிவிடுவோம். பிள்ளைகளும் கூடவே உட்கார வேண்டும். மூன்று குவியல். அப்படியே ஆகும் என்பது ஒன்று. சரி செய்தால் ஆகும் என்பது ஒன்று. ஆகாது என்பது மூன்றாவது. ஆகாத குவியலைப் பார்த்துத்தான் கடைப் பட்டியல் எழுத வேண்டும். இந்த ஒரு வேலையிலேயே பட்டியல் பாதியாகக் குறைவதை நீங்களே பார்க்கலாம்.

எழுதாத பக்கங்களை மெதுவாகப் பிரித்தெடுத்து, ஒரே அளவாக அடுக்கி, கோணி ஊசியும் நூலும் கொண்டு நடுவில் நாலு தையல் போட்டால் கணக்குப் போட்டுப் பார்க்க ரஃப் நோட்டு ஆயிற்று. ஆளுக்கு இரண்டு தேறும். வழவழப்பான மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அட்டை போடுங்கள். கடையில் விற்கும் பிரவுன் தாளைவிட அது கெட்டி.

பையில் ஜிப் மட்டும்தான் போயிருக்கிறதா? பையைத் தூக்கி எறியாதீர்கள். பஸ் ஸ்டாண்டு ஓரம் குடை, பை ரிப்பேர் செய்கிறவர் சொற்பக் காசுக்கு ஓடுகட்டையை மாற்றித் தந்துவிடுவார். இறுகிப்போன ஜிப்புக்கு மெழுகுவத்தியைத் தேய்த்து இரண்டு முறை இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும். ஜப்பானில் ஆரம்பப் பள்ளியில் சேரும்போது வாங்கிக் கொடுக்கும் பையையே ஆறு வருஷமும் பிள்ளைகள் சுமக்கிறார்களாம். பணக்கார நாடுதான். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு பை என்ற வழக்கம் அங்கே இல்லை.

இரண்டாவது: பள்ளியில் கேட்காமல் வாங்காதீர்கள்

குமாரபாளையத்துச் சகோதரிக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். உங்கள் பிள்ளைகள் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால், பட்டியலில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும். பாடப்புத்தகம், நோட்டு, புத்தகப் பை, காலணி, சின்னப் பிள்ளைகளுக்குக் கலர் பென்சில், கிரேயான், பெரிய வகுப்புக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், பூகோளப் படப் புத்தகம் என்று வகுப்புக்குத் தகுந்தாற்போல் தருகிறார்கள். பதினொன்றாம் வகுப்புக்குச் சைக்கிளும் உண்டு. எட்டாம் வகுப்பு வரை சத்துணவில் பெயர் இருக்கும் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நாலு செட் சீருடை. 2012-ல் அதை நாலாக உயர்த்தினார்கள். "நம்ம பிள்ளை வீட்டுச் சோறுதான் சாப்பிடும்" என்று கௌரவம் பார்த்துச் சத்துணவில் பெயர் கொடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு சீருடை வரவில்லையே என்று வருத்தப்படும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் இருக்கிறதா என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவாயிற்று. நம் அம்மாக்களும் அக்காக்களும் அதைச் சாப்பிட்டுத்தான் படித்தார்கள். அந்தச் சீருடைத் துணியை நெய்வது நம்மூர்த் தறிகள், தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள். நம் கை நெய்ததை நம் பிள்ளை போட்டுக்கொள்வதற்கு வெட்கம் எதற்கு?

ஒன்று மட்டும் உண்டு. எல்லாம் பள்ளி திறந்த அன்றே கைக்கு வந்துவிடாது, முன்னே பின்னே ஆகலாம். அதுவரை போன வருஷத்து உடையைத் துவைத்துப் பெட்டி போட்டு அனுப்புங்கள். பையும் அப்படியே. அவசரப்பட்டுக் கடையில் வாங்கிவிட்டு, பத்து நாள் கழித்து இன்னொன்று வந்து நிற்பதைத்தான் தவிர்க்க வேண்டும். பஸ் பாஸும் அரசே தருகிறது. புது பாஸ் கைக்கு வரும்வரை சீருடையோ பழைய பாஸோ இருந்தால் அரசு டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளும்படி வருஷா வருஷம் ஜூன் மாதம் உத்தரவு போடுவது வழக்கம்.

தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு வேறு விஷயம். 2009-ல் வந்த சட்டப்படி, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் அமைந்த கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் எவ்வளவு என்று நிர்ணயித்திருக்கிறது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. எதைக் கட்டினாலும் ரசீது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். "ரசீது அப்புறம் தர்றோம்" என்றால், "பரவாயில்லைங்க, நானும் அப்புறமே கட்டறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள்!

மாநிலப் பாடத்திட்டம் என்றால், மேல் வகுப்புக்குப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தகமே போதும். பதிப்பு வருஷம் உள்பக்கத்தில் அச்சாகியிருக்கும். பாடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லாப் புத்தகங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. புத்தகம் கைக்கு வரும்வரை முதல் இரண்டு பாடத்தைப் போனில் பார்த்துப் படிக்கலாம்.

மூன்றாவது: விலையைப் பார்க்காதீர்கள், பக்கத்தை எண்ணுங்கள்

நோட்டு வாங்குவதில் நாம் ஏமாறுவது அட்டைப் படத்தில்தான். விலையைப் பக்கத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 96 பக்க நோட்டு 28 ரூபாய், 192 பக்கம் 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சின்ன நோட்டு இரண்டு வாங்கினால் 56 ரூபாய். பெரிய நோட்டில் 11 ரூபாய் மிச்சம். ஆனால் கையெழுத்து நோட்டு, ஓவிய நோட்டு போன்றவற்றுக்குப் பெரியது வாங்கினால் பாதி வீணாகும். எந்தப் பாடத்துக்கு எத்தனை பக்கம் ஆனது என்று பரணைக் கவிழ்த்த அன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டையையும் சேர்த்துப் பக்கம் எண்ணியிருக்கிறார்களா என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

தாளின் தரத்தைப் பார்க்க எளிய வழி, ஒரு மூலையில் மைப்பேனாவால் சுழித்துப் பார்ப்பதுதான். மை ஊறிப் பின்பக்கம் தெரிந்தால் அந்த நோட்டில் ஒரு பக்கம்தான் எழுத முடியும். பாதி விலைக்குக் கிடைத்தாலும் லாபமில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்பனர், கிரேயான் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லைப் பார்த்து வாங்குங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே பட்டியல் போடுகிறோம். சிவகாசி நோட்டுகள் மொத்தக் கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். இரண்டு பேர் மட்டும் போய் வாங்கிவந்து, எதிர்வீட்டு அக்கா திண்ணையில் பிரித்துக்கொள்கிறோம். ஆறு பேர் பஸ் செலவு மிச்சம், பிள்ளைகளின் பிடிவாதமும் இல்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்குவதில்லை. மூன்றில் இரண்டு பங்குதான். "நாலு கோடு வேண்டாம், ரெண்டு கோடு வாங்கிட்டு வா" என்று முதல் வாரம் டீச்சர் சொல்லாமல் இருப்பாரா? மீதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

நாலாவது: உடம்புக்கும் காசுக்கும் சேர்த்து யோசியுங்கள்

பை வாங்கும்போது வெறும் பையைக் கையில் தூக்கிப் பாருங்கள். கம்பியும் சக்கரமும் பொம்மையும் வைத்த பைகள் சும்மாவே முக்கால் கிலோ, ஒரு கிலோ கனக்கின்றன. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை இருக்கக் கூடாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020-ல் மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கையும் சொல்லியிருக்கின்றன. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரைக் கிலோதான் கணக்கு. அதில் பையே ஒரு கிலோ என்றால் புத்தகத்துக்கு எங்கே இடம்? கெட்டித் துணி, அகலமான தோள்பட்டை, இரட்டைத் தையல் இவை போதும். விலையும் குறைவு, முதுகும் தப்பும்.

செருப்பு, ஷூவைச் சாயங்காலத்தில் வாங்குங்கள். நடந்து நடந்து பாதம் சற்று உப்பியிருக்கும் நேரம் அது. சாக்ஸ் போட்டு, நிற்கவைத்துப் பார்த்து, முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் சரி. "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு திணித்தால் பிள்ளை தடுக்கி விழும், ஷூவும் மடிந்து சீக்கிரம் கிழியும். மூத்தது போட்டுத் தேய்ந்த ஷூவை இளையதுக்குப் போடாதீர்கள். சிக்கனத்துக்கு ஒத்துவராத சாமான் இது ஒன்றுதான்.

டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலும் எவர்சில்வரில் வாங்கிவிடுங்கள். உருக்காலை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா? பிளாஸ்டிக் மூன்று பாட்டில் வாங்கும் காசு ஒருதரம் ஆகும். ஆனால் பெரியவள் ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோன சோற்று டப்பாவில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரசப்பொடி இருக்கிறது. பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டித் தரச் சொல்லுங்கள், தொலையாது.

ஐந்தாவது: துணி. இங்கேதான் நான் தப்புச் செய்தேன்

ஐந்து வயதுக்கு மேல், பருவம் வரும்வரை பிள்ளைகள் வருஷத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்வார்கள். அதாவது இரண்டு அங்குலத்துக்கு மேல். ஆகவே பாவாடைக்கும் பினோபார்முக்கும் கீழே நாலு அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பேன்ட்டுக்கு மூன்று அங்குலம், பக்கத் தையலில் உள்துணி ஒரு அங்குலம். டெரிகாட்டன் சாயம் நிற்கும், சீக்கிரம் காயும். பருத்தி கலப்பு அதிகமாக இருந்தால் வெயிலுக்குச் சுகம். ஆனால் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும். ஈரக் கைக்குட்டையால் துணியின் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வேண்டாம்.

பொதுவான நிறம் என்றால், காவிரியைத் தாண்டி ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்கு ஒரு நடை போய் வரலாம். வாரச் சந்தை திங்கட்கிழமை இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். நாலு குடும்பம் சேர்ந்து போனால்தான் லாபம். ஒருத்தர் மட்டும் போனால் பஸ் செலவுக்கும் காப்பிக்குமே சரியாகிவிடும். தையலுக்கு ஏப்ரல் கடைசியிலேயே கொடுத்துவிடுங்கள். மே கடைசியில் போனால் கூலியும் ஏறும், தையலும் அவசரத் தையலாக இருக்கும்.

இதையெல்லாம் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். பெரியவள் பினோபார்மை இரண்டு வருஷம் மடிப்புப் பிரித்துப் பிரித்துப் போட்டு, மூன்றாவது வருஷம் மறுபடி மடித்துச் சின்னவளுக்குப் போட்டேன். நான்காவது வருஷம் மீண்டும் பிரித்தேன். சிக்கனத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கே ஒரு கர்வம்.

ஒருநாள் சாயங்காலம் சின்னவள் பையை வைத்துவிட்டுத் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் குடிக்கக் கூப்பிட்டும் வரவில்லை.

"என்ன கண்ணு, யாராச்சும் அடிச்சாங்களா?"

"இல்லம்மா."

"பின்னே?"

"என் பினோபார்ம்ல எத்தனை கோடு இருக்குன்னு எண்ணறாங்கம்மா. மூணு கோடு இருக்காம். அப்படின்னா நாலு வருஷத்துப் பழசாம்."

குனிந்து பார்த்தேன். மடிப்புப் பிரித்த இடங்களில், வெயிலும் துவைப்பும் படாத நிறம் கோடு கோடாக, மரத்தின் வயசைக் காட்டும் வளையம் போலத் தெரிந்தது. நான் தினமும் துவைத்து உலர்த்திய துணிதான். என் கண்ணில் அது படவே இல்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து எண்ணியிருக்கின்றன.

அவள் புதுசு வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அக்காவுக்கு மட்டும் கோடே இல்லையேம்மா" என்றாள். அவ்வளவுதான்.

வினிகரில் கொஞ்சம் தண்ணீர் கலந்து நனைத்துப் பெட்டி போட்டால் மடிப்புத் தழும்பு ஓரளவு அடங்கும். நிற வித்தியாசம் போகாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். சிக்கனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, வீட்டின் செலவையெல்லாம் கடைசிப் பிள்ளையின் தலையில் இறக்கிவைப்பதாக இருந்தது என்பதுதான் எனக்கு அன்றுவரை தெரியவில்லை. மூத்தவளுக்குப் புதுசு, இளையவளுக்குப் பழசு. மிச்சம் பிடித்தது நான், விலை கொடுத்தது அவள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். ஆளுக்கு ஒரு செட் புதுசு, ஒரு செட் பழசு. மூத்தவளுக்கும் அப்படித்தான், இளையவளுக்கும் அப்படித்தான். பெரியவளுக்குப் பழசு எங்கிருந்து வரும் என்கிறீர்களா? எதிர்வீட்டு அக்காவின் மகளிடமிருந்து! மடிப்பையும் ஒரே தடவைதான் பிரிப்பது. அதோடு வருஷத்துக்கு ஒரே ஒரு சாமான், பையோ, பேனாவோ, குடையோ, அவரவர் இஷ்டத்துக்கு. விலைக்கு ஓர் எல்லை சொல்லிவிடுவேன். அதற்குள் எதை எடுத்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன். கேட்டால் நம்ப மாட்டீர்கள், அந்த ஒன்றுக்காக மற்ற பத்தையும் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

பழைய சீருடையை மாற்றிக்கொள்வது ஏழைகளின் வேலை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 2021-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. பள்ளியின் சின்னம் போட்ட உடைகளைக் குறைக்க வேண்டும், பயன்படுத்திய சீருடை பெற்றோருக்குக் கிடைக்கப் பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. நாமும் கேட்கலாமே! பெற்றோர் கூட்டத்தில் நாலு தாய்மார்கள் சேர்ந்து எழுந்து, "வருஷா வருஷம் டிசைனை மாத்தாதீங்க, பேட்ஜை மட்டும் தனியாக் குடுங்க, நாங்க தெச்சுக்கறோம்" என்று மரியாதையாகக் கேட்டால், எந்தத் தலைமையாசிரியரும் காதில் போட்டுக்கொள்ளத்தான் செய்வார். ஒருத்தியாகக் கேட்பதுதான் கஷ்டம்.

கடைசியாக: ஜூன் டப்பா

இந்த ஜூனைச் சமாளித்த கையோடு அடுத்த ஜூனுக்கு உண்டியல் வைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு "ஜூன் டப்பா" என்று பெயர். வருஷத்துக்கு ஆறாயிரம் ஆகும் என்றால் மாதம் 500. வாரச் சம்பளக் குடும்பம் என்றால் சனிக்கிழமை தோறும் 120. தீபாவளி, பொங்கல் வாரம் இரண்டை விட்டுவிட்டாலும் ஐம்பது வாரத்தில் ஆறாயிரம் சேர்ந்துவிடும். வளையலுக்கு நான் கட்டிய மாத வட்டியும் 120 ரூபாய்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மகளிர் உரிமைத் தொகை வாங்குகிறவர்கள் பணம் வந்த அன்றே இருநூறை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்று வைத்தால் என்றைக்கும் மிஞ்சாது.

1970-ல் தொடங்கிய சஞ்சயிகா சேமிப்பு உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகள் நாலணா, எட்டணாவாகப் போட்டு வருவார்கள். இன்று அது இல்லை. ஆனால் பிள்ளையின் கையாலேயே டப்பாவில் போடச் சொன்னால் அதுவே சஞ்சயிகாதான். தான் போட்ட காசில் வாங்கிய பென்சிலைப் பிள்ளை அத்தனை சீக்கிரம் தொலைக்காது.

இப்போது குமாரபாளையத்துச் சகோதரிக்கு என் பதில்.

அம்மா, கம்மலைக் கழற்றுவதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை பரணைக் கவிழுங்கள். மறுநாள் பள்ளிக்குப் போய், என்னென்ன தருவார்கள் என்று வகுப்பு வாரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் உங்கள் உண்மையான செலவு. நீங்கள் நினைத்துப் பயந்ததில் பாதிகூட இருக்காது என்று நினைக்கிறேன். அதிலும் ஜூன் மாதமே வேண்டியது எது, ஜூலைக்குத் தள்ளக்கூடியது எது என்று பிரியுங்கள்.

அப்படியும் குறைந்தால், மறுபடி வாராந்திரக் கடன் கொடுக்க வீடு தேடி வருகிறவரிடம் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பழைய பாக்கியோடு அதுவும் சேர்ந்தால் சனிக்கிழமை சம்பளம் வீட்டு வாசலையே தாண்டாது. மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால், குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து சிறு தொகை கேளுங்கள். 1989-ல் பக்கத்துத் தருமபுரியில் தொடங்கிப் பிறகு நம் சேலம் மாவட்டத்துக்கு வந்த திட்டம் அது. நாமக்கல் அப்போது சேலத்தோடுதான் இருந்தது. அவசரத்துக்கு அடகுக் கடையை நம்பியிருந்த பெண்கள், தங்கள் சேமிப்பிலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளப் பழகியது அங்கேதான். நகையை வைத்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். என்னைப் போல இரண்டு வட்டிக்கு வைக்காதீர்கள்.

இன்னொன்று. கடைக்குட்டிக்கு முதல் நாள் பள்ளிக்கூடம். மற்ற எல்லாம் அக்கா, அண்ணனுடைய பழசாக இருந்தாலும், ஒரே ஒரு சாமான் மட்டும் அதன் பெயர் எழுதிய புதுசாக இருக்கட்டும். ஒரு சிலேட்டாக இருந்தாலும் போதும்.

பள்ளி திறந்த பிறகு எவ்வளவில் முடிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். காதில் கம்மலோடு எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த இதழில் மோர் மிளகாயோடு வருகிறேன்!